முழங்கால் எம்.ஆர்.ஐ.யில் கிழிசல் என்று வந்தால் ஆபரேஷன்தானா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 56 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எடை 74 கிலோ, ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றரை வருடமாக வலது முழங்காலில் வலி. மாடிப்படி இறங்கினாலும், தரையில் உட்கார்ந்து துணி வெட்டிவிட்டு எழுந்தாலும் உயிர் போகிறது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் லேசான தேய்மானம்தான் என்றார். வலி நிற்காததால் மதுரைக்குப் போய் ஏழாயிரம் ரூபாய் கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஜவ்வு கிழிந்திருக்கிறது, குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது, முழங்காலுக்குப் பின்னால் கட்டி வேறு இருக்கிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். சின்ன ஓட்டை போட்டு ஜவ்வைச் சரிசெய்துவிடலாம் என்கிறார்கள். என் மகன் உடனே செய்துவிடலாம் என்கிறான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்.ஆர்.ஐ.யில் இவ்வளவு இருக்கிறது என்றால் எதை நம்புவது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டால் முற்றாமல் தடுக்கலாமா? இடது காலில் வலி இல்லை, அதையும் எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலை இரண்டு முறை படித்தேன். நான் ரேடியாலஜி டாக்டர். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் 22 வருடமாக என் வேலை. உங்கள் கையில் இருக்கிற தாளைப் போல வாரத்துக்குப் பத்தாவது எழுதிவிடுகிறேன். அதனால் அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு. முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருக்கிற எதற்காகவும் நீங்கள் இந்த வாரமே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. மகனிடமும் இதைச் சொல்லுங்கள்.

‘ஜவ்வு’ என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்தில் இந்த ஒரு சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம். எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டியிருக்கும் லிகமென்ட்டையும் ஜவ்வு என்கிறோம். மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தை போட்டதுபோல இருக்கும் மெனிஸ்கஸும் நமக்கு ஜவ்வுதான். கபடி விளையாடும் பையனுக்கு ‘ஜவ்வு அறுந்துவிட்டது’ என்றால் பெரும்பாலும் லிகமென்ட். உங்களுக்குக் கிழிந்திருப்பதாக எழுதியிருப்பது மெனிஸ்கஸ், அதுவும் உட்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி. லிகமென்ட் நான்கும் நன்றாக இருப்பதாக அதே தாளில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தியை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

கிழிசலிலும் இரண்டு விதம் உண்டு. தையல்காரரான உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். புதுத் துணி ஆணியில் மாட்டிக் கிழிவது ஒன்று. பல வருடம் கட்டித் துவைத்த வேட்டி மடிப்போரத்தில் நைந்து இழை விடுவது இன்னொன்று. ரிப்போர்ட்டில் ‘டீஜெனரேட்டிவ்’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அது இரண்டாவது வகையைத்தான் சொல்கிறது. நைந்த இடத்தில் தையல் நிற்காது. ஆகவே ‘ஜவ்வைச் சரிசெய்வது’ என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் தைப்பதாக இருக்காது. பிரிந்து நிற்கும் ஓரத்தை வெட்டி எடுப்பதாகத்தான் இருக்கும். எதைச் செய்யப் போகிறார்கள், தைப்பதா வெட்டுவதா என்று நேராகக் கேளுங்கள். மெனிஸ்கஸை வெட்டி எடுத்தால் மெத்தை குறைகிறது, பாரம் நேரே குருத்தெலும்பின் மேல் விழுகிறது. மெனிஸ்கஸை எடுத்துவிட்ட முழங்காலில் பின்னாளில் எலும்பு எப்படி மாறுகிறது என்று ஃபேர்பேங்க் என்ற டாக்டர் 1948-லேயே எக்ஸ்ரே வைத்து எழுதிவிட்டார்.

இனி, எக்ஸ்ரேயை நம்புவதா எம்.ஆர்.ஐ.யை நம்புவதா என்ற உங்கள் கேள்வி. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் தெரியும். இடைவெளி குறைந்திருந்தால் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று நாங்கள் ஊகிக்கிறோம், ஓரத்தில் எலும்பு முள்போல வளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கிறோம். கெல்க்ரன், லாரன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவுகோலை வைத்துத்தான் இன்றும் ‘கிரேடு 2’, ‘கிரேடு 3’ என்று பேசுகிறோம். எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுத்தார்களா, படுக்க வைத்து எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. படுத்திருக்கும்போது உடம்பின் பாரம் முழங்காலில் இறங்காது. தேய்ந்த மூட்டுகூட இடைவெளியோடு இருப்பதாகக் காட்டிவிடும். படுக்க வைத்து எடுத்திருந்தால், இரண்டு காலையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு படம் தேவை என்றால் அது இதுதான், செலவும் குறைவு.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு வலுவுள்ள காந்தத்துக்குள் உங்களைப் படுக்க வைத்து, உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜனிலிருந்து வரும் சைகையைப் பிடிக்கிறோம். குருத்தெலும்பில் முக்கால்வாசி தண்ணீர்தான். அதனால்தான் எக்ஸ்ரேக்குத் தெரியாத குருத்தெலும்பு எம்.ஆர்.ஐ.க்கு நன்றாகத் தெரிகிறது. மெனிஸ்கஸ் என் திரையில் கன்னங்கரேலென்று ஒரு முக்கோணமாக வரும். கிழிந்திருந்தால் கறுப்புத் துணியில் வெள்ளை நூல் ஓடியதுபோல ஒரு கோடு தெரியும், அந்தக் கோடு முக்கோணத்தின் விளிம்பைத் தொட்டால்தான் ‘கிரேடு 3’, அதாவது கிழிசல் (எக்ஸ்ரே கிரேடு வேறு, இது வேறு). எலும்புக்குள் நீர் கோத்த இடம், கொழுப்பின் சைகையை அணைத்து எடுத்த படத்தில், கரும்பலகையில் சாக்பீஸ் தூளை ஊதிவிட்டதுபோல வெள்ளையாகப் பூத்திருக்கும். அநேகமாக எதுவும் தப்பாது. எம்.ஆர்.ஐ.யின் பலமும் அதுதான், தொல்லையும் அதிலேயே இருக்கிறது.

ஏன் தொல்லை என்று சொல்கிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்காம் என்று ஒரு ஊர், இருதய நோய் ஆய்வால் உலகமெல்லாம் பேர் வாங்கிய ஊர். அங்கே 50 முதல் 90 வயது வரையிலான 991 பேருக்கு வலது முழங்காலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முழங்கால் வலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைத் தேடிப் பிடிக்கவில்லை, ஊர் மக்களில் பொதுவாகத் தேர்ந்தெடுத்தார்கள். மார்ட்டின் எங்லண்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 35 பேருக்கு மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. அப்படி இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அந்த முழங்காலில் வலியே இருந்ததில்லை! எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, வலி உள்ளவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. வலி இல்லாதவர்களில் 60 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்மானம் உள்ள முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிசல் தெரிந்தால், வலிக்குக் காரணம் அதுதான் என்று கைகாட்ட முடியாது.

அதே ஊர்க்காரர்களில் எக்ஸ்ரேயில் தேய்மானமே இல்லாத 710 பேரைப் பற்றி 2012-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அவர்களில் 89 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. வலி இல்லாதவர்களுக்கும் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதாவது எழுத வேண்டி வரும் என்று ஆகிறது. எக்ஸ்ரேயில் லேசாக, எம்.ஆர்.ஐ.யில் நிறைய என்று உங்களுக்கு வந்திருப்பதும் இதுதான். எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு உங்கள் முழங்கால் புதிதாகக் கெட்டுப்போகவும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணில் படுவதையெல்லாம் எழுதுவதுதான் நல்ல ரிப்போர்ட் என்று நினைத்தேன். ஒரு நாள் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா என் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரத்தில் நின்றார். “இன்னும் எத்தனை நாள் நடப்பேன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா” என்று கேட்டார். அவர் மூன்றாவது மாடிக்குப் படியேறித்தான் என்னிடம் வந்திருந்தார். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு இனி நடக்கவே முடியாது என்று அவர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அன்று மனது மிகவும் கஷ்டப்பட்டது. அன்றிலிருந்து, தேய்மான முழங்கால் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் கடைசியிலும், இந்த வயதில் வலியில்லாதவர்களுக்கும் இம்மாற்றங்கள் காணப்படும், நோயாளியைப் பரிசோதித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று ஒரு வரி சேர்க்கிறேன். எல்லா ரேடியாலஜி டாக்டர்களும் இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, அப்படியானால் வலிப்பது எது? குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. அது தேய்வது உங்களுக்குத் தெரியாது. வலிப்பது அதற்கு அடியில் இருக்கும் எலும்பும், மூட்டைச் சுற்றி உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையும். இந்த உண்மையை நிலைநாட்டியதில் எம்.ஆர்.ஐ.க்குப் பெரிய பங்கு உண்டு. தேய்மானம் உள்ள 401 பேரை வைத்து டேவிட் ஃபெல்சன் குழு 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. முழங்கால் வலி உள்ளவர்களில் 77.5 சதவீதம் பேருக்கு எலும்புக்குள் இந்த நீர்கோத்த மாற்றம் இருந்தது, வலி இல்லாதவர்களில் 30 சதவீதம் பேருக்கு. மெனிஸ்கஸ் கிழிசலில் இல்லாத வித்தியாசம் இங்கே இருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு வரி உங்கள் வலியோடு பொருந்துகிறது என்றால், எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது என்ற அந்த வரியும், மூட்டுக்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது என்ற வரியும்தான். இந்த மாற்றம் நிரந்தரமானதும் இல்லை. சில வாரங்களில், மாதங்களில் கூடும், குறையும். பாரத்தைக் குறைத்தால் குறைய வாய்ப்பிருக்கிறது.

பின்னால் இருக்கும் ‘கட்டி’ உண்மையில் கட்டி இல்லை. பேக்கர் சிஸ்ட் என்பது நீர்ப் பை. மூட்டில் கூடுதலாக ஊறும் நீர் பின்பக்கம் போய்த் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மூட்டு அடங்கினால் அதுவும் சுருங்கும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் மட்டும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், அது பை உடைந்ததாகவும் இருக்கலாம், ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம்.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். 45 வயதுக்கு மேல், மெனிஸ்கஸ் கிழிசலும் லேசான அல்லது நடுத்தரத் தேய்மானமும் உள்ள 351 பேரை அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷனும் பிசியோதெரபியும், மறு பாதிக்கு பிசியோதெரபி மட்டும். 2013-இல் வந்த முடிவுப்படி, ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் நடமாட்டத்திலும் வலியிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பிசியோதெரபி பக்கத்தில் 30 சதவீதம் பேர் அந்த ஆறு மாதத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதாவது பொறுத்துப் பார்ப்பதால் வழி அடைபடுவதில்லை. அதே வருடம் ஃபின்லாந்திலிருந்து இன்னும் துணிச்சலான ஒரு ஆய்வின் முடிவு வந்தது. தேய்மானம் இல்லாத, ஆனால் நைந்து கிழிந்த மெனிஸ்கஸ் உள்ள 146 பேர். பாதிப் பேருக்கு உண்மையாகவே வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, மெனிஸ்கஸைத் தொடவில்லை; தொட்டதுபோலவே பாவனை செய்து கட்டுப் போட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்மான முழங்காலுக்கு ஓட்டை ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. உங்கள் நிலையில் என் அக்கா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இது ஆராய்ச்சிக்கு உகந்த வேலை, அங்கே பெரிய அளவில் செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் முன்னின்று 2004-இல் தொடங்கிய ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற மூட்டுத் தேய்மான ஆய்வுத் திட்டத்தில், 45 முதல் 79 வயது வரையிலான 4,796 பேரைச் சேர்த்து, ‘3 டெஸ்லா’ என்ற வலுவான காந்தமுள்ள மெஷினில் வருடா வருடம் முழங்காலைப் படமெடுத்தார்கள். பால்டிமோர், கொலம்பஸ், பிட்ஸ்பர்க், பாடக்கெட் என்று நான்கு ஊர்களில் நடந்தது. அந்தப் படங்களை மற்ற ஆய்வாளர்களும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள், அதற்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்படி அளந்ததில் தெரிந்தது என்ன? சராசரியாகப் பார்த்தால் குருத்தெலும்பு ஒரு வருடத்தில் தேய்வது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். ஆயிரக்கணக்கானவர்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அடுக்காக வரைந்து கணக்கெடுத்தால்தான் அந்த அளவு பிடிபடும். சாதாரண ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.யில் ஒரு அடுக்கே மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமன். ஆறு மாதத்தில் உங்களுக்கு ஏற்படும் மாற்றத்தை என் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு ரிப்போர்ட்டும் வேறு வேறு டாக்டர் எழுதியதாக இருந்தால், மாறாத முழங்காலே மாறிவிட்டதுபோலத் தோன்றும். வீண் பயம், வீண் செலவு.

குருத்தெலும்பு வளர்ந்தால் வலி போய்விடும் என்றும் சொல்ல முடியவில்லை. ஸ்ப்ரிஃபெர்மின் என்ற ஊசி மருந்தைச் சோதித்து 2019-இல் முடிவு சொன்னார்கள். மருந்து போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வருடத்தில் எம்.ஆர்.ஐ. கணக்குப்படி 0.05 மில்லிமீட்டர் அளவுக்குக் குருத்தெலும்பின் தடிமனில் வித்தியாசம் தெரிந்தது. வலியில் தெரியவில்லை. ஆகவே ‘ஜவ்வு வளரும்’ என்று விற்கிற பவுடருக்கும் ஊசிக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இடது காலுக்கு எம்.ஆர்.ஐ. கண்டிப்பாக வேண்டாம். எடுத்தால் அதிலும் ஏதாவது இருக்கும். நன்றாக நடக்கிற காலையும் நீங்கள் சந்தேகத்தோடு ஊன்ற ஆரம்பித்துவிடுவீர்கள். சொல்லப்போனால் வலது காலுக்கே முதலில் எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டிருக்காது. 45 வயதுக்கு மேல், நடமாடினால் வரும் வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது என்றால் படமே எடுக்காமல் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்பது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு கொடுத்திருக்கும் வழிகாட்டுதல்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தரையில் உட்கார்ந்து துணி வெட்டுவதை நாளைக்கே மேசைக்கு மாற்றுங்கள். வீட்டில் மேசை இல்லையென்றால் கட்டில் மேல் பலகை போட்டு, நின்றபடி வெட்டலாம். மிஷினில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு நடை நடங்கள். அப்புறம், தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகுங்கள். பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை போய்ச் சரியாகக் கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ! சர்க்கரைக்கும் அது நல்லது. வலிக்கு முதலில் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதும். வலி மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கும்.

கடைசியாக ஒன்று. எம்.ஆர்.ஐ. உண்மையாகவே கைகொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. முழங்கால் மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போவது, இரவில் தூங்கவிடாத வலி, எடை தானாகக் குறைவது, திடீரென்று ஒரே நாளில் ஆரம்பித்த கடும் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் நான் மேலே சொன்ன நிதானம் பொருந்தாது. சூடும் வீக்கமுமாகக் காய்ச்சலோடு வந்தால் ஸ்கேனுக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் வயதுப் பெண்களுக்குத் தரையிலிருந்து எழும்போதோ படி இறங்கும்போதோ ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, அந்த நிமிடத்திலிருந்து வலி ஆரம்பிப்பது உண்டு. மெனிஸ்கஸ் எலும்பில் வேர் பிடித்திருக்கும் இடம், ‘ரூட்’ என்போம், அது பிய்ந்தால் அப்படி ஆகும். நைந்து கிழிவதோடு இதைச் சேர்க்கக் கூடாது. தேய்மானம் அதிகமில்லாத முழங்காலில் இதைத் தைத்து வைப்பது பலன் தரலாம். உங்களுக்குக் கிழிசல் பின்பகுதியில்தான் இருக்கிறது, ஆனால் ரூட் எப்படி இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. வலி எப்படி ஆரம்பித்தது என்று நீங்களும் எழுதவில்லை. மெல்ல மெல்ல வந்ததா, ஒரு நாளில் வந்ததா, சத்தம் கேட்டதா என்று யோசித்து எழுதுங்கள். ஸ்கேன் சென்டரில் படங்களின் சி.டி. கேட்டால் கொடுப்பார்கள். அதையும் இந்த முகவரிக்கே அனுப்பிவையுங்கள், ரூட்டை நானே பார்த்துச் சொல்கிறேன்.